தொண்ணூறு டிகிரி

மதேரோ தெருவில் இரவு பதினொன்றுக்கு
கடைசி ஐஸ்கிரீம் கடையும் ஷட்டரை இறக்கும்.
பிறகு தெரு எங்களுடையது:
எனக்கு, ஒப்துலியாவுக்கு,
என் முதுகில் சீறும் நீராவி இயந்திரத்துக்கு.

கல்லுக்குக் கல் கறுப்புப் பொட்டு.
வெயிலில் உருகி, செருப்பில் நசுங்கி,
முகம் தெரியாத வாய்கள்
துப்பிவிட்டுப் போன சூயிங்கம்.
சதுர மீட்டருக்கு இத்தனை என்று
மேற்பார்வையாளர் பெருவேத்தோ கணக்கு வைத்திருக்கிறார்.
நான் எண்ணுவதில்லை.
குழாய் முனையை வைத்துப் பத்து விநாடி,
தொண்ணூறு டிகிரி,
கொஞ்சம் இளகும், கொஞ்சம் அடம்பிடிக்கும்,
தகட்டால் ஒரு சுரண்டு.
அவ்வளவுதான் யாரோ ஒருவருடைய மத்தியானம்.

வேலைக்கு வந்த முதல் வாரமே கேட்டாள் ஒப்துலியா
(மற்றவர்கள் ஒரு மாதமாவது பொறுப்பார்கள்):
"இடது காதை யார் கடித்தது?"
"ஈ" என்றேன்.
சிரித்தாள்.
நான் பொய் சொல்லவில்லை.

கம்பெச்சே காட்டில்
மழை பிடித்தால்தான் சப்போட்டா மரத்தில் பால் இறங்கும்.
பழுக்காத காயைக் கடித்தவர்களுக்குத் தெரியும்
உதட்டோடு உதட்டை ஒட்டவைக்கும் அந்தப் பால்.
இடுப்பில் கயிறு, காலில் இரும்பு முள்,
பட்டையில் இடமும் வலமுமாகச் சாய்வெட்டு;
மேல் வெட்டு கீழ் வெட்டுக்குச் சொல்ல,
அது அதன் கீழ் வெட்டுக்குச் சொல்ல,
அடியில் கட்டிய பையில் போய்ச் சேரும்.
அரிவாள் தவறித் தன் கயிற்றையே வெட்டிக்கொண்டவர்கள் உண்டு.
செலெதோனியோ அப்படித்தான்.
பாதி நிறைந்த அவன் பையை
அன்று மாலையே எடை போட்டார்கள்.

மணல் ஈ வலிக்காமல் கடிக்கும்.
முதலில் பரு. பிறகு புண்.
பிறகு காது மடல் ஓரத்திலிருந்து கரையும்,
யாரோ அவசரமில்லாமல் மெல்லுவதுபோல.
எங்கள் முகாமில் பதினொரு பேர்.
முழுக் காது பதினைந்து.

வண்டிச் சக்கரத்துக்கு ரப்பராகும் என்றுதான்
முதலில் அந்தப் பாலை வடக்கே கொண்டுபோனார்களாம்.
ஆகவில்லை.
வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு
அவல் கிடைத்தது.
போருக்குப் போன பையன்களின் பொட்டலத்திலும் வைத்தார்கள்:
தாகம் மறக்கும், தூக்கம் விலகும்.
அப்புறம் எண்ணெய்க் கிணற்றிலிருந்து
மலிவாக ஒன்று வந்தது,
டயருக்குள் இருக்கும் ரப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி.
சக்கரமாக முடியாத பாலின் இடத்தில்
சக்கரமே வந்து உட்கார்ந்துகொண்டது.
மரங்கள் பிழைத்தன.
நான் தலைநகருக்கு பஸ் ஏறினேன்.

மூன்று மணிக்குக் கண் சொருகும்.
ஒப்துலியா பையிலிருந்து ஒரு துண்டை நீட்டுவாள்.
புதினா, சில நிமிடம்.
தாடை அசைந்தால் நெஞ்சு கொஞ்சம் வேகம் பிடிக்கும்,
தலைக்குக் கூடுதலாய் ரத்தம் ஏறும்,
ஏமாளி வயிறு மட்டும்
சாப்பாடு வருகிறதென்று தட்டோடு காத்திருக்கும்.
பிறகு புதினா போய்விடும்.
மெல்லுவது மட்டும் மீதி இருக்கும்.

நேற்று குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது.
நான் கழுவிய தெருவில் நானே துப்புவதா?
விழுங்கிவிட்டேன்.
"ஐயோ, ஏழு வருஷம் வயிற்றில் ஒட்டிக்கிடக்கும்!"
"கிடக்காது. இரண்டு மூன்று நாள்.
வந்த வழியே போகாது, போகிற வழியே போகும்.
ஏழு வருஷம் மரத்துக்குத்தான்,
ஒருமுறை வெட்டினால்
மறுமுறை வெட்ட."

அவள் என் காதைப் பார்த்தாள்.
"இதற்கு?"

இயந்திரத்தை முடுக்கினேன்.
அடுத்த கல்லில் மூன்று இருந்தன.
ஒன்று இன்னும் இளஞ்சிவப்பு,
சின்னப் பல் ஒன்றின் தடத்தோடு.